தவளை

சனிக்கிழமை மூன்று மணிக்கு விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் பாய் விரித்து வட்டமாக உட்காருவோம். எட்டுப் பெண்கள், நான். வயது 13இலிருந்து 16. அடித்தவள், கடித்தவள், தட்டை வீசியவள் என்று வார்டன் எழுதித் தந்த பட்டியலின்படி வந்தவர்கள். குழு ஆலோசனை என்று இதற்குப் பெயர். பெண்கள் வைத்த பெயர் கோபக் கிளாஸ். அது மேல்.

மூன்றாவது வாரம் ஒருத்தி, குழாயடியில் தன் வாளியை நகர்த்தியவளின் கையைக் கடித்த கதையைச் சொன்னாள். சொன்னாள் என்பது சரியில்லை, நடித்தாள். கடிபட்டவள் தத்தித் தத்திக் குதித்ததையும், வார்டன் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்ததையும் அவளே செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனம் திறந்துவிட்டாள் என்று அன்று நோட்டில் எழுதினேன்.

டிஷியன், மெக்கார்ட், பூலின் மூவரும் 1999இல் எழுதிய கட்டுரையைப் பிறகுதான் படித்தேன். முரட்டுப் பிள்ளைகளைத் திருத்துவதற்காக ஒன்றாக உட்காரவைத்தால் சில சமயம் முரட்டுத்தனம் கூடிப்போகிறது என்கிறார்கள். புத்தி சொல்ல ஒருவர். ரசிக்க ஏழு பேர். 1996இல் வந்த டிஷியனின் ஆய்வில், பையன்கள் நண்பர்களோடு பேசுவதைப் படம் பிடித்து, எந்தப் பேச்சுக்குச் சிரிப்பு விழுகிறது என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். சிரிப்பு விழுந்த பக்கமே பேச்சு போகிறது. அவர்கள் பையன்கள், பெண்கள் வேறு என்று இரண்டு நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெண்களின் மூர்க்கம் கையைவிட ஒதுக்கிவைப்பதில் வேலை செய்கிறது என்று கிரிக்கும் குரோட்பீட்டரும் 1995இலேயே எழுதியிருந்தது அப்போது நினைவுக்கு வரவில்லை.

சமையல்காரம்மாதான் சொன்னார். கடிபட்டவளை விடுதி முழுக்கத் 'தவளை' என்கிறார்களாம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சாப்பிடுவதில்லையாம். பெயர் பிறந்தது என் வட்டத்தில். அந்த வட்டத்தில் அவளுக்கு இடமில்லை. அடிவாங்குகிறவர்கள் பட்டியலில் வருவதில்லை.

அடுத்த சனிக்கிழமை கேட்டேன்: "அவ கை இப்ப எப்படி இருக்கு?"

"யாரு கை மிஸ்?" என்றாள் நடித்தவள்.

"தவளை கையைக் கேக்குறாங்கடி" என்றாள் இன்னொருத்தி.

யாரும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு இரண்டு வாரம் அந்த வட்டத்தில் யாரும் கதை சொல்லவில்லை. நோட்டில் தேதியை மட்டும் போட்டேன்.