மோடம் கற்பித்த பாடம்

விலை கொடுத்து ஒரு பொருளை வாங்கிவிட்டால் அது நமக்கே உரியதாகிவிடுகிறது என்றுதான் எல்லோரும் எண்ணுகிறோம். ஆனால், அது எப்படி இயங்குகிறது என்பதை விற்றவர் மறைத்து வைத்துக்கொண்டால், அப்பொருள் முழுமையாக நமக்கு உரியதாகுமா? இவ்வினாவை என்னுள் எழுப்பியது எந்த நூலும் அன்று. உள்ளங்கை அளவேயான ஒரு மோடம் அட்டை.

2001ஆம் ஆண்டில் பழைய கணிப்பொறி ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருந்தேன். விடுமுறை நாட்களில் என் மாணவர் சிலர் அதில் பயில வருவர். விண்டோஸை விலைக்கு வாங்கும் வசதி எனக்கு அப்போது இல்லை. "திருட்டுப் பிரதி ஒன்று போட்டுத் தருகிறேன் சார், ஊரெல்லாம் அப்படித்தான்" என்றார் கடைக்காரர். மாணவர் முன்னிலையில் அதைச் செய்ய மனம் ஒப்பவில்லை. ஆகவே, கணிப்பொறி இதழ் ஒன்றுடன் வந்த குறுந்தகட்டிலிருந்து லினக்ஸை நிறுவினேன். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கி வைக்க, உலகெங்கும் உள்ளோர் கூடி வளர்த்த அமைப்பு அது. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம்.

இணையத்தை எட்டுவதற்கு மோடம் வேண்டும். தொலைபேசி இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிக்கே இடம் தரும். கணிப்பொறியின் குறிகளை அவ்வொலிக்குள் அடக்கி அனுப்புவதும், வரும் ஒலியிலிருந்து குறிகளை மீட்பதும் மோடத்தின் பணி. கடையில் வாங்கிய அட்டையைப் பொருத்தினேன். லினக்ஸ் அதனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை! மூன்று இரவுகள் முயன்றும் பயனில்லை. அட்டையில் பழுது ஏதுமில்லை. அது 'வின்மோடம்' என்னும் வகை. விலையைக் குறைப்பதற்காக, ஒலியை ஆராயும் வேலையை அட்டையிலிருந்து நீக்கிக் கணிப்பொறியின் தலையில் சுமத்தியிருந்தார்கள். அவ்வேலையைச் செய்யும் நிரல் விண்டோஸுக்கு மட்டுமே தரப்பட்டிருந்தது. விவரங்களோ தயாரித்தவரின் பெட்டிக்குள்! ஏழு கடல் தாண்டி, கிளிக்குள் தன் உயிரை ஒளித்து வைத்த மந்திரவாதியின் கதை நினைவுக்கு வந்தது. உடல் என் மேசையில், உயிர் வேறெங்கோ.

அந்த வாரமே மாணவர் ஒருவர், தம் மாமாவின் அலுவலகத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய மோடப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். "சார், இது கனமா இருக்கு. மூளையும் உள்ளேயே இருக்கும்போல" என்று சிரித்தார். அதனைக் கணிப்பொறியின் சீரியல் போர்ட்டில் இணைத்து, 'மினிகாம்' என்னும் நிரலைத் திறந்து, 'ஏடி' என்று இரண்டே எழுத்துகளைத் தட்டினோம். திரையில் 'ஓகே' என்று விடை வந்தது! ஹேய்ஸ் நிறுவனம் 1981இல் தன் மோடத்துக்கு வகுத்த கட்டளை மொழி அது. பிறரும் பின்பற்றியதால் பொதுமொழியாயிற்று. எங்கள் தொலைபேசி நிலையத்தின் டயல் ஒலியை அந்த மோடம் இனங்கண்டுகொள்ளவில்லை. கட்டளையில் 'எக்ஸ்3' என்று சேர்த்தோம். ஒலிக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றியது. கீச்சொலி, இரைச்சல், பின்னர் அமைதி. இணைப்புக் கிடைத்துவிட்டது! வேகம் நொடிக்கு 33,600 பிட்டுகள்தாம். ஒரு மெகாபைட் வந்து சேர நான்கு நிமிடங்களுக்கு மேலாகும். ஆயினும், திருடாமல் பெற்ற இணைப்பு. ஒவ்வொரு படியையும் 'ஏன்?' என்று கேட்டு அறிந்து பெற்ற இணைப்பு. அன்று மாணவர் முகங்களில் கண்ட ஒளியை என்னென்பேன்!

பின்னாளில் ஆர்வலர் பலர் அரிதின் முயன்று, வின்மோடங்கள் சிலவற்றையும் லினக்ஸில் இயங்கச் செய்தனர். இன்றோ அம்முறை இணைப்பே நம் வீடுகளிலிருந்து மறைந்துவிட்டது. ஆனால் மந்திரவாதி மறையவில்லை. நம் சட்டைப்பையில் உள்ள கைபேசிக்குள்ளும் ஒரு மோடம் இருக்கிறது. அதை இயக்கும் நிரல் பெரும்பாலும் மூடியேதான் கிடக்கிறது. ஆதலின் நண்பர்களே, ஒரு கருவியை வாங்கும்போது விலையை மட்டும் கேளாதீர்கள். அதன் உயிர் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள்.