மேம்பாலம் கட்டாதவன்

ஆஸ்திரேலிய விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன், நான் சிவில் இன்ஜினியர்தான் என்று ‘இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா’ ஒப்புக்கொள்ள வேண்டும். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா முழு உறுப்பினரானது 2014இல். நான் படித்து முடித்ததோ 2006இல். அதனால் பட்டச் சான்றிதழ் மட்டும் போதவில்லை. ‘சி.டி.ஆர்.’ என்ற திறன் விளக்க அறிக்கை எழுத வேண்டும். பார்த்த வேலைகளில் மூன்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் 1000 முதல் 2500 சொற்களில் சொல்ல வேண்டும். ‘நாங்கள் செய்தோம்’ கூடாது. ‘நான் செய்தேன்.’

விசாவுக்கான புள்ளிக் கணக்கில், 33 வயதானால் வயதுக்கான 30 புள்ளி 25 ஆகிவிடும். எனக்கு ஐந்து மாதம் இருந்தது. அவசரத்தில் ஒரு கன்சல்டன்சிக்குப் பணம் கட்டினேன். பத்து நாளில் எழுதி அனுப்பினார்கள். அதில் நான் ஒரு மேம்பாலம் கட்டியிருந்தேன். மேம்பாலத்துக்கும் எனக்கும் உள்ள உறவு, மழைக்கு அதன்கீழ் ஒதுங்கியது மட்டும்தான். வெட்கத்தோடு சொல்கிறேன், உடனே அதைத் தூக்கிப் போடவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். நகலைக் கண்டுபிடிக்க மென்பொருள் வைத்திருக்கிறார்கள், மாட்டினால் தடை என்ற பயம்தான் கடைசியில் காப்பாற்றியது. நேர்மை அல்ல.

பிறகு நானே உட்கார்ந்தேன். வேளச்சேரியில் இரண்டு நிலத்தடித் தளம் தோண்டிய கட்டடம். ஊற்றுத் தண்ணீர் நிற்காத மண். ‘தண்ணீரை வெளியேற்றும் முறையை நான் தீர்மானித்தேன்’ என்று கம்பீரமாக ஆரம்பித்துவிட்டு, விவரம் கேட்க மேஸ்திரிக்கு போன் போட்டேன்.

“எத்தனை பம்பு போட்டோம் மேஸ்திரி?”

“நாலு சார். ரெண்டு ஓடும், ரெண்டு சும்மா நிக்கும். ஏன் சார் இப்போ?”

“நான் எப்படி முடிவு பண்ணேன்னு எழுதித் தரணும்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “முடிவு பண்ணது நான் சார். நீங்க அன்னைக்கு லீவு. மறுநாள் வந்து கையெழுத்துப் போட்டீங்க.”

கோபமே இல்லை அந்தக் குரலில். சிமென்ட் மூட்டைக் கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னார்.

அன்று இரவு பதினொரு வருட வேலையைச் சலித்துப் பார்த்தேன். பில் சரிபார்த்தது, மீட்டிங்கில் உட்கார்ந்தது, மேலே இருந்து வந்ததைக் கீழே சொன்னது. எல்லாமே ‘நாங்கள்’. என்னுடையது என்று கையில் நின்றது, எம்30 கான்கிரீட் தூண்களின் 28 நாள் க்யூப் வலிமைச் சோதனை முடிவு குறைந்த சம்பவம். பேசாமல் மேல்தளம் போடலாம் என்றார்கள். நான் தூண்களைத் துளைத்து கோர் மாதிரி எடுக்க வைத்தேன். கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 கணக்குப்படி கோர்களின் வலிமை சராசரி 25.5க்கும், எந்த ஒரு கோரும் 22.5க்கும் குறையக் கூடாது. ஒரு தூணில் 21 வந்தது. அதைச் சுற்றிக் கம்பி கட்டி ஜாக்கெட்டிங் செய்யும்வரை மேலே போக விடவில்லை. கணக்குப் போட்ட தாள்கூட என் கையெழுத்தில் பழைய ஃபைலில் இருந்தது. அந்த அத்தியாயத்தை எழுத நான்கு நாள் போதுமாயிருந்தது. மற்ற இரண்டுக்கும் ஒன்றரை மாதம். வேளச்சேரியை அடித்துவிட்டேன்.

எழுதியதை அனுப்பினேன். பதில் வந்தது: சிவில் இன்ஜினியர், தொழில் குறியீடு 233211. அன்றைக்கு என் 33ஆம் பிறந்தநாள் கழிந்து ஒன்பது நாள். போன ஐந்து புள்ளியை எங்கிருந்தாவது எடுக்க வேண்டுமே என்று, ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தேன்.