வராதவர்களின் நோட்டு

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. கெடா, பினாங்கு, பேராக் மூன்றும் முட்டிக்கொள்ளும் மூலையில் இருக்கிறது எங்கள் செர்டாங். துணிமணிக்குப் பாரிட் புந்தார், கல்யாணங்காட்சிக்கு நிபோங் திபால், காய்ச்சல் தலைவலிக்குக் கூலிம் என்று எல்லை எதுவென்றே யோசிக்காமல் போய்வந்த சனம் நாங்கள். அன்றுமுதல் ஒவ்வொரு எல்லையிலும் போலீஸ்காரர் நின்றார். அந்த மாதம் முதல் தேதிதான் நாட்டுக்குப் புதுப் பிரதமர் வந்திருந்தார். அதைப் பற்றிப் பேச எங்களுக்கு நேரமில்லை. தோட்டத்து லயங்களில் கையில் ஆஸ்பத்திரித் தேதிச் சீட்டோடு உட்கார்ந்திருந்த பெண்களின் முகங்கள்தான் எனக்குக் கண்ணில் நின்றன.

நான் அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். தோட்டத்தில் இன்றும் எனக்கு ‘மிஸ்ஸி’ என்றுதான் பெயர். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 2014இல் கேன்சர் ரிசர்ச் மலேசியா தொடங்கிய வழிகாட்டித் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, எங்கள் பக்கத்திலும் சிலர் சேர்ந்து ஒரு துணைக்குழு நடத்திவந்தோம். மாரில் கட்டி என்று சொல்லும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வது, அடுத்த தேதியை நினைவுபடுத்துவது, இவ்வளவுதான் எங்கள் வேலை. நிபுணரைப் பார்க்க அரசாங்க ஆஸ்பத்திரியில் 5 வெள்ளி. பினாங்குப் பாலம் தாண்டிப் போய்வரத்தான் வாடகைக் காரும் ஒரு நாள் சம்பளமும் வேண்டியிருந்தது.

நோய்த்தொற்று வந்ததும் பழைய ஆட்களில் பலரைப் பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியே விடவில்லை. எல்லாரும் வயதானவர்கள். குழு கலைந்துவிடும் என்று நான் கலங்கியிருந்தபோதுதான் புதியவர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடம் மூடியதால் வேலையில்லாமல் நின்ற பள்ளி வேன்காரத் தம்பி. ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி டீச்சர். கூலிம் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் போன் பேச ஒத்துக்கொண்ட ஒரு பெண். அப்புறம் ஆயாக்கொட்டகையில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பல வருஷம் தூளி ஆட்டி வளர்த்த ஆயா. எழுதப் படிக்கத் தெரியாதவர். “எனக்கு என்ன வேலை இருக்கு மிஸ்ஸி?” என்று வாசலிலேயே நின்று கேட்டார்.

சேர்ந்த சில நாட்களில் அவர்தான் வந்து சொன்னார்: “லயத்துக் கடைசி வீட்டுல ஒரு வாடை வருது மிஸ்ஸி. குட்டிக்குரா பவுடர் போட்டு மறைக்குது அந்தப் புள்ள.”

அந்தக் கடைசி வீட்டு அக்கா பால்மரம் வெட்டியவர். பிப்ரவரியில் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு சொல்லும் தேதி தள்ளிப்போனது. புதுத் தேதி சொல்லக் கொடுத்திருந்த நம்பர் மகனுடையது. மகன் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டான். காசு போடாமல் அந்த நம்பர் செத்துப்போயிருந்தது. ‘கூப்பிடுவாங்க’ என்று அவர் காத்திருந்தார். கிழிந்த கைலித்துணியை நாலாய் மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தார். மஞ்சளும் கற்பூரமும் டெட்டாலும் கலந்த வாசனை, அதற்கும் அடியில் புண்ணின் வாடை. ஆயா மூக்கைப் பொத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல அவர் தலைமுடியைக் கோதிக்கொண்டே இருந்தார். அந்த அக்கா அப்போதுதான் துணியை விலக்கினார்.

அன்று ராத்திரியே ரத்தம் பெருகியது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க மனம் வரவில்லை. வேன்காரத் தம்பி வந்தான், பின் சீட்டில் படுக்க வைத்தோம், ஆயா மடியில் தலை, மழை, செம்பனைக் காட்டுப் பாதை, முதல் சாலைத்தடுப்பு, டார்ச் வெளிச்சம், ஆஸ்பத்திரிச் சீட்டு, “போங்க, போங்க”, இரண்டாவது தடுப்பு, மறுபடி அதே கேள்வி, அவசரப் பிரிவு வாசல், தள்ளுவண்டி, கதவு மூடிவிட்டது. எங்களை உள்ளே விடவில்லை. அந்த நேரத்தில் யாரையுமே விடவில்லை.

உயிர் தப்பினார். கீமோவும் தொடங்கியது. ஆனால் நோய் நுரையீரலுக்குப் போய்விட்டிருந்தது. மறு வருஷம், வீடுகளில் வெள்ளைக்கொடி கட்டிச் சனங்கள் அரிசி பருப்புக்குக் கை நீட்டிய மாதங்களில், அவர் போய்ச்சேர்ந்தார். மகனால் வர முடியவில்லை. போனில்தான் அழுதான்.

ரத்தம் பெருகிய அந்த ராத்திரிக்குப் பிறகு டீச்சர் ஒரு நோட்டில் கோடு போட்டார். கிளினிக் கடிதம் கொடுத்த நாள், படம் எடுத்த நாள், சதை எடுத்த நாள், முடிவு சொன்ன நாள், சிகிச்சை தொடங்கிய நாள். ஒவ்வொருவருக்கும் மூன்று போன் நம்பர், அதில் ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையது. கடைசிக் கட்டத்தில் ‘ஏன் வரவில்லை’. அந்தக் கட்டத்தை நிரப்பியது ஆயா. அவர் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதினார். வண்டி இல்லை. பேரப்பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. டாக்டர் பேசிய மலாய் புரியவில்லை. மாரை எடுத்துவிட்டால் புருஷன் விட்டுவிடுவான் என்று பயம். பலர் நழுவியது சதை எடுத்ததற்கும் முடிவு கேட்பதற்கும் நடுவில்தான் என்பதை அந்த நோட்டு காட்டியது. அதன்பின் முடிவு சொல்லும் நாளுக்கு முதல் நாளே போன் பேசினோம். வேன் அந்த நாட்களில் தவறாமல் ஓடியது.

2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, மலேசியாவில் மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அந்தப் பாதியில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடைசி வீடு இருந்திருக்கும். அங்கே யாராவது முன்னாலேயே போயிருக்கலாம்.

இப்போதும் குழுவில் புதிய பிள்ளைகள் சேர்கிறார்கள். படித்தவர்கள், கம்ப்யூட்டரில் பட்டியல் போடுகிறவர்கள். அவர்களுக்கு நான் முதலில் அந்தப் பழைய நோட்டைத்தான் வாசிக்கக் கொடுக்கிறேன். பிறகு ஆயாவோடு லயத்துக்கு அனுப்புகிறேன். தேதிக்கு வராதவர் அலட்சியக்காரர் என்று எழுதி மூடிவிடுவது சுலபம். வராதவரைத் தேடிப் போவதும் சிகிச்சைதான். அதை மருந்துக்குச் சமமாக மதிக்கிறவர்கள்தான் இந்த வேலைக்கு வேண்டும், ஒவ்வொரு தோட்டத்துக்கும் வேண்டும்.