ஓய்வு என்னும் சொல்

அரபு மொழியில் உறக்கத்தைக் குறிக்கும் சொற்களுள் ‘சுபாத்’ என்பதும் ஒன்று. திருமறையின் ‘நபஃ’ அத்தியாயத்தில் அது ஆளப்பட்டுள்ளது. அறுத்தல், நிறுத்தல் என்பன அதன் வேர்ப்பொருள் என்பர் அகராதியாளர். தமிழிலும் ‘மழை ஓய்ந்தது’ என்றால் நின்றுவிட்டது என்றே கொள்கிறோம். வேலையினின்றும் அறுபடாத உறக்கம் ஓய்வாகாது என்பதில் இரு மொழிகளும் ஒருமித்து நிற்கின்றன.

ஆம்பூரில் என்னிடம் ஓதும் சிறுவன் ஒருவனின் தந்தை, தோல் பதனிடும் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். மகனைப் பற்றிப் பேச எப்போது வர இயலும் என வினவினேன். “அது என் கையிலே இல்லீங்க ஹஜ்ரத். அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஆள் வந்தாத்தான் நான் வெளியே வர முடியும்” என்றார்.

அவர் சொன்னதன் கணக்கு எளியது. தோலை ஊறவைத்தலும், டிரம்மில் சுழற்றுதலும், கழிவுநீரைச் சுத்திகரித்தலும் இரவென்று நிற்பவையல்ல. வாரத்திற்கு 168 மணி நேரம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒருவரின் வழக்கமான வேலைக்கு வகுத்த வரம்பு 48 மணி. ஆக, இரவும் பகலும் நடக்கும் இரண்டு இடங்களுக்கு ஏழு பேர் வேண்டும். ஆறு பேரை வைத்தால் தலைக்கு 56 மணி. நால்வரென்றால் 84 மணி. வைக்காத ஆளின் கூலி முதலாளிக்கு மிச்சம். அவன் செய்ய வேண்டிய வேலையோ இருப்பவரின் உறக்கத்திலிருந்து கழிக்கப்படுகிறது. 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் மசோதா 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பெழவே, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. சட்டத்தின் வழியே வராத அந்தப் பன்னிரண்டு மணி, ஆள் பற்றாக்குறையின் வழியே வந்துவிடுகிறது.

2015 ஜனவரி 31 அதிகாலை, அன்றைய வேலூர் மாவட்டத்து இராணிப்பேட்டை சிப்காட்டில், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையினுள் கசடு பாய்ந்து, அங்கேயே உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்தினர். சுவர் ஏன் இடிந்தது என்பதற்குப் பொறியாளர் விடை கூறலாம். அவர்கள் ஏன் அங்கே உறங்கினர் என்பதற்கு நாமல்லவா விடை கூற வேண்டும்? வேலை முடிந்த பின்னும் வேலையிடத்தினின்றும் அறுபட வழியற்றவர் அவர்கள்.

நம் சமுதாயத்தவர் பலர் உரிமையாளராயிருக்கும் தொழில் இது. 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி எழுந்ததும் தோல் வணிகரின் கொடையால்தான். கொடுக்கத் தெரிந்த கைகளே இவை. ஆனால் ஏழு பேர் வேண்டிய இடத்தில் ஏழு பேரை அமர்த்துவதும், உறங்குவதற்குத் தொழிற்சாலைக்கு வெளியே ஓர் இடம் அளிப்பதும் கொடையல்ல, கடன். கொடைக் கணக்கை எழுதுமுன் கடனைத் தீர்ப்பதே முறை.