"மார்க்கெட்டுக்குப் போகாத கார் எதுக்குப்பா?"

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள், முகமே மலர்ந்துவிடும். 1959-ல் இங்கிலாந்தில் 'ட்ரையம்ப் ஹெரால்டு' என்று பிறந்த கார். வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிச்சலோட்டி. 1961-லிருந்து மெட்ராஸிலேயே தயாரானது. அங்கே கடைசி வரை இரண்டு கதவுகள்தான். முன் சீட்டை மடக்கித்தான் பின்னால் ஏற வேண்டும். மடிசார் மாமிகளுக்கு அதெல்லாம் சரிப்படுமா? நம்மூரில் பிற்பாடு நாலு கதவு வைத்தார்கள்!

குரோம்பேட்டையில் 78 வயது ரிட்டயர்டு பேங்க் அதிகாரி ஒருவர் இன்னும் ஒன்றை வைத்திருக்கிறார். அவர் அப்பா வாங்கியது. பேனட்டோடு மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் மொத்தமாக முன்னோக்கித் திறக்கும். வழியில் நின்றுவிட்டால் அப்பா முன்டயர் மேலேயே உட்கார்ந்து ரிப்பேர் பார்ப்பாராம். சுற்றிலும் கூட்டம் கூடிவிடும். இவருக்கு அன்று ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலை.

இப்போது வீட்டில் ஒரு வழக்கு. 50 வயது தாண்டிய காரை 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. ஆனால், கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்டக் கூடாது. "பதிவு பண்ணிடலாம்ப்பா" என்கிறார் மகன். அவருக்குப் பயம் காரைப் பற்றியல்ல, அப்பாவின் கண் பார்வையைப் பற்றி. அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

"மார்க்கெட்டுக்குப் போகாத கார் எதுக்குப்பா? ஷோகேஸ்ல வைக்கவா?" என்கிறார் பெரியவர்.

இப்போதைக்கு ஞாயிறு காலை மட்டும் ஒரு ரவுண்டு. பக்கத்து சீட்டில் மகன், ஹேண்ட்பிரேக் மேல் கையை வைத்தபடி.