தலைக்கட்டு வரி

கடவுள் உண்டா என்று கேட்டால் விடிய விடியப் பேசக்கூடியவன் நான். கோயிலுக்குள் இன்னார் வரலாமா என்று கேட்டபோது மட்டும், எனக்கும் கோயிலுக்கும் சம்பந்தமில்லை என்று ஒதுங்கிக்கொண்டேன். அது பொய். அந்தப் பொய்யைச் சொல்ல என் பக்தியையே பயன்படுத்தினேன். அதை எழுதிவைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என் ஊர். வேலை திண்டிவனத்தில். பிறந்தது வன்னியர் குடும்பம். இளம் வயதிலேயே அர்ச்சனைச் சீட்டு, மொட்டை, காவடி எதிலும் மனம் ஒட்டாமல் போய்விட்டது. சாமி மட்டும் போகவில்லை. காலையில் குளித்துவிட்டு விளக்கின் முன் கொஞ்ச நேரம் கண்மூடி நிற்பேன். என் மதம் அவ்வளவுதான். இடையில் பூசாரியும் வேண்டாம், தர்மகர்த்தாவும் வேண்டாம் என்ற நினைப்பில் எனக்குப் பெருமை உண்டு.

அலுவலகத்தில் எனக்கு வாய்த்த நண்பர் திராவிடர் கழகத்துக்காரர். எங்கள் வாதம் டீக்கடையில் தொடங்கினால் பேருந்து நிலையம் வரை நீளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மயிலம் வழியாகத் திருவக்கரைக்கு என்னை அழைத்துப்போனார். வக்கிரகாளியம்மன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கும் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள். மணலுக்கடியில் புதைந்து, மரம் இருந்த இடத்தில் சிலிக்கா ஏறி, உருவம் கலையாமல் கல்லாகியிருக்கின்றன. கிளை, வேர், இலை எதுவும் இல்லாமல் அடிமரம் மட்டும் கிடப்பதால், வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தில் அடித்துவரப்பட்டவை என்கிறார்கள். ஊரில் சொல்லும் கதை வேறு. வதைபட்ட வக்கிராசுரனின் எலும்புகளாம் அவை. “எலும்புன்னு சொன்னது உங்க மதம். மரம்னு கண்டுபிடிச்சது மனுசன் அறிவு” என்றார் நண்பர். “எலும்புக் கதை மதத்தோடது. இதுக்கு முன்னால நிக்கிறப்ப எனக்குள்ள ஒண்ணு பணியுது பாருங்க, அது என்னோடது” என்றேன். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பல இடங்களில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

ஆதாரம் கேட்பது எங்கள் மண்ணுக்குப் புதிதில்லை. விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில்தான், சுந்தரர் தன் அடிமை என்று சொல்லி ஒரு முதியவர் வழக்காடிய கதை நடக்கிறது. சபையார் நம்பிவிடவில்லை. ஓலை கேட்டார்கள். பாட்டனாரின் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். வந்தவர் சிவன் என்பது தீர்ப்புக்குப் பிறகுதான் தெரிகிறது. அதே ஊரில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரத்தில் சிவஞானபோதம் செய்தார். முதல் சூத்திரமே கடவுள் உண்டு என்பதற்கான வாதம். காணும் உலகமெல்லாம் உண்டாகிறது, இருக்கிறது, ஒடுங்குகிறது. இது தானாக நடக்காது, நடத்த ஒருவன் வேண்டும் என்பது அதன் சாரம். அந்த நடத்துபவனை நடத்துவது யார் என்று நண்பர் மடக்குவார். நேர்மையாகச் சொன்னால் அதற்கு என்னிடம் பதில் இல்லை. நம்பிக்கை எனக்கு வாதத்தால் வரவில்லை, அதனால் வாதத்தில் தோற்றபோது போகவும் இல்லை. இந்த விஷயத்தில் இன்றும் என் நிலை இதுதான். இதில் எனக்கு வெட்கமில்லை.

வெட்கம் 2023-இல் வந்தது. கோலியனூர் அருகே மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில். அந்த ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே போன பட்டியல் சமூக இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். தடுத்தவர்கள் எங்கள் சாதிக்காரர்கள். பேச்சுவார்த்தை எதுவும் நிலைக்கவில்லை. ஜூன் 7 அன்று வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 1939 ஜூலையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆலயப் பிரவேசம் நடந்து, 1947-இல் சட்டமும் வந்து, அரசியலமைப்பில் தீண்டாமை ஒழிப்பும் எழுதப்பட்ட பிறகு, எங்கள் மாவட்டத்தில் இது.

எங்கள் ஊர்க் காலனியைச் சேர்ந்த தம்பி ஒருவர் எங்கள் அலுவலகத்திலேயே வேலை பார்க்கிறார். ஒரே பேருந்தில் போய்வருவோம். சீல் வைத்த வாரம், பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: “அண்ணே, நம்ம ஊர்லயும் துரோபதையம்மன் கோயிலுக்குள்ள நாங்க வரணும்னு கேட்டா, நீங்க கூட்டத்துல எங்களுக்காகப் பேசுவீங்களா?”

“நானே கோயிலுக்குப் போறதில்லையேப்பா. சாமி மனசுல இருந்தா பத்தாதா? அங்க கல்லுல என்ன இருக்கு?” என்றேன்.

“உங்களுக்கு ஒண்ணும் இல்லதாண்ணே” என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. விழுப்புரம் வந்ததும் இறங்கி வேறு வண்டியில் ஏறிக்கொண்டார்.

எனக்குக் கதவு திறந்திருக்கிறது, நான் போகவில்லை. அவர் போக நினைக்கிறார், கதவில் ஆள் நிற்கிறது. இரண்டையும் ஒன்றாக்கி, அவருக்கு நான் ஞானம் சொன்னேன். “காலனியில அவங்களுக்குன்னு மாரியம்மன் கோயில் இருக்கே, இங்க எதுக்கு?” என்று எங்கள் தெருவில் கேட்பவர்களுக்கும் எனக்கும் அன்று என்ன வித்தியாசம்? அவர்கள் வாயால் வெளியே நிறுத்தினார்கள். நான் அத்வைதம் பேசி வெளியே நிறுத்தினேன். கடவுளே இல்லை என்கிற என் நண்பர் அந்த வாரமே, உள்ளே விடு என்று கேட்கும் கூட்டத்தில் போய் நின்றார். வைக்கம் 1924, பெரியாரின் கடைசிக் காலத்து அர்ச்சகர் உரிமைப் போராட்டம் என்று அவருக்கு அதில் ஒரு வழி இருக்கிறது. கடவுள் இருக்கிறார் என்று அவரோடு வாதாடிய நான் வீட்டில் இருந்தேன்.

இதைவிடக் கேவலமான ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மதத்தின் அமைப்பு என்ன என்று யாராவது கேட்டால் மடத்தைக் காட்டாதீர்கள், வரி நோட்டைக் காட்டுங்கள். தீமிதித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் முன்பே தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊரில் வரி போடுவார்கள். கல்யாணமான ஆண் என்றால் ஒரு தலைக்கட்டு. வரி கட்டியவனுக்குக் கோயிலில் பாத்தியதை உண்டு, ஊர்க்கூட்டத்தில் பேச்சு உண்டு, வீட்டில் சாவு விழுந்தால் ஊர் வந்து நிற்கும். காலனியில் வரி வாங்குவதில்லை. வாங்கினால் பாத்தியதை கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் தீண்டாமையை யாரும் தீண்டாமை என்று சொல்வதில்லை. வரி வாங்கும் வழக்கமில்லை என்பார்கள்.

நான் அந்த வரியை ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. அமைப்பு வேண்டாம், பூசாரி வேண்டாம் என்று டீக்கடையில் முழங்கிய அதே நான், அண்ணன் கையில் பணத்தைக் கொடுத்து நோட்டில் என் பெயருக்கு நேராக எழுத வைத்தேன். நிறுத்தினால் பெண் கல்யாணத்துக்கு ஊர் வராது என்ற பயம். பயம் என்று அப்போது எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை. சம்பிரதாயம், போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கோயிலுக்குப் போகாதவன் கூத்துக்கு மட்டும் போவேன். துகிலுரிதல் அன்று விடியும்வரை இருப்பேன். தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று திரௌபதி சபையைக் கேட்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் கண் கலங்கும். சாத்திரம் முழுக்கத் தெரிந்த பீஷ்மர், தருமம் நுட்பமானது, முடிவாக ஒன்றும் சொல்ல இயலவில்லை என்று நழுவுகிறார். எழுந்து நியாயம் பேசுகிறவன் விகர்ணன், கௌரவரில் ஒருவன், துரியோதனனின் சொந்தத் தம்பி. அந்த அம்மனின் கோயில் வாசலில்தான் இந்த வழக்கு நடக்கிறது. பீஷ்மரைப் பார்த்து ஆத்திரப்பட்டு அழுதுவிட்டு, வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். அவர் பேசாததும் நான் பேசாததும் ஒன்று என்று ஒரு விடியற்காலையிலும் எனக்குத் தோன்றவில்லை.

பேசினால் 78 மாதிரி ஆகிவிடும் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வதுண்டு. நானும் அதைச் சாக்காக வைத்திருந்தேன். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் நடந்த கலவரத்தில் கொல்லப்பட்டவர்கள் 12 பேர். அந்தப் பன்னிரண்டு பேரும் தலித்துகள். அந்த வருஷத்தைச் சொல்லிப் பயப்பட எங்கள் தெருவுக்கு என்ன இருக்கிறது? பயப்பட வேண்டியவர்கள் அவர்கள். அவர்கள்தான் கேட்கவும் கேட்டார்கள்.

அம்பேத்கரை நினைத்துப் பார்க்கிறேன். 1930 மார்ச்சில் நாசிக் காளாராம் கோயில் வாசலில் போராட்டம் தொடங்கியவர். சாமியைப் பார்த்தால் விடுதலை கிடைத்துவிடும் என்று நினைத்து அங்கே நிற்கவில்லை, மனிதனுக்குள்ள உரிமை என்று நின்றார். ஆண்டுக்கணக்கில் போராடியும் கதவு திறக்காததால்தான் 1935-இல் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். அவர் வெளியேறியதற்கு அப்படியொரு கணக்கு இருக்கிறது. நானும் வெளியே வந்தவன் என்று சொல்லிக்கொண்டேன், வரி கட்டிக்கொண்டே.

2024 மார்ச் 22 அன்று நீதிமன்ற உத்தரவுப்படி மேல்பாதிக் கோயிலைப் பூசைக்கு மட்டும் திறந்தார்கள். பூசாரி தவிர யாருக்கும் அனுமதியில்லை. 2025 ஏப்ரல் 17 அன்றுதான் பட்டியல் சமூக மக்கள் போலீஸ் காவலோடு உள்ளே போய்க் கும்பிட்டார்கள். திண்டிவனத்திலிருந்து திரும்பும்போது பேருந்தில் செல்போனில் அதைப் பார்த்தேன். தம்பி இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய், அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்றேன். “தெரியும்ணே” என்றார். “இதைக் கூட்டத்துல சொல்லுவீங்களா?” என்று கேட்டார். சொல்கிறேன் என்றேன்.

கூட்டத்தில் சொல்லவில்லை. அண்ணனிடம் மட்டும், காலனியில் வரி வாங்காவிட்டால் என்னிடமும் வாங்க வேண்டாம் என்றேன். அண்ணன் கோபப்படவில்லை. “உனக்கும் சேத்து நானே கட்டிடறேன் தம்பி, நீ பேசாம இரு” என்றார். கட்டியும்விட்டார். நோட்டில் என் பெயர் இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள் என்று ஊரார் முன் நான் இன்னும் கேட்கவில்லை.