எல்விங்டனுக்குத் திரும்பாதவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆயரின் இசைவோடு, இங்கிலாந்தில் யார்க் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு பங்கில் மூன்று மாதங்கள் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அங்குள்ள முதிய பங்குத்தந்தை உடல்நலம் குன்றி ஓய்விலிருந்தார். நம் ஊர்களில் கல்லறைத் திருநாளையொட்டி வைப்பதைப் போலவே, இறந்தோரின் பெயர்களை எழுதிப் போடும் பெட்டியொன்று அக்டோபர் இறுதியில் ஆலயத்தின் பின்புறம் வைக்கப்பட்டது. தாள்களைப் பிரித்து அடுக்கியபோது ஒன்றில் மட்டும் ஆள் பெயர் எதுவும் இல்லை. 'எல்விங்டன் பிரெஞ்சுக்காரர்கள்' என்று நடுங்கும் கையெழுத்தில் எழுதியிருந்தது.

எழுதியவர் எண்பதைக் கடந்த ஒரு மூதாட்டி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எல்விங்டன் விமானத்தளத்தின் அருகே சிறுமியாக வாழ்ந்தவர். மாலையில் புறப்படும் விமானங்களை வேலியோரம் நின்று எண்ணுவாராம். அவை திரும்பும் ஓசையைப் படுக்கையில் கிடந்தபடியே எண்ணுவாராம். "கணக்கு ஒத்துவராத காலைகளில் அம்மா எங்களோடு பேசமாட்டார், ஃபாதர்" என்றார்.

நமக்கு அந்த வரலாறு அப்போதுதான் தெரியவந்தது. பிரான்சு நாடு 1940-இல் வீழ்ந்தபின், வட ஆப்பிரிக்காவில் இருந்த பிரெஞ்சு விமானப்படையினரில் ஒரு பகுதியினர் 1943-இல் கப்பலேறி இங்கிலாந்து வந்தனர். பயிற்சிக்குப்பின் 1944 மே, ஜூன் மாதங்களில் எல்விங்டனில் இரண்டு அணிகள் அமைந்தன. 'கியேன்', 'துனிசி' என்பவை அவற்றின் பிரெஞ்சுப் பெயர்கள். பிரித்தானிய விமானப்படையில் அவை 346, 347 ஆம் அணிகள். நான்கு எஞ்சின்கள் கொண்ட ஹாலிஃபாக்ஸ் என்னும் கனரகக் குண்டுவீச்சு விமானங்களில் அவர்கள் பறந்தனர். அவர்கள் முதலில் குண்டு வீசிய இடங்கள் தம் சொந்த நாட்டிலேயே இருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். நேச நாடுகள் நார்மண்டியில் தரையிறங்கிய 1944 ஜூன் 6-க்கு முந்திய இரவில், கிராங்கான் மேசி என்னும் பிரெஞ்சுக் கடற்கரை ஊரின் ஜெர்மானியப் பீரங்கித் தளத்தை அவர்களே தாக்கினர்.

ஒரு விமானத்தில் ஏழு பேர். விமானி, வழி கணிப்பவர், குண்டை இலக்குப் பார்த்து விடுப்பவர், வானொலித் தொடர்பாளர், எஞ்சின்களைக் கவனிப்பவர், துப்பாக்கி வீரர் இருவர். பிரித்தானியரிடம் விமானியே எப்போதும் விமானத்தின் தலைவர். பிரெஞ்சு வழக்கமோ வேறு. வழி கணிப்பவரோ குண்டை விடுப்பவரோ கூடத் தலைவராக இருக்கலாம்; விமானி அவர் சொற்கேட்டுப் பறப்பார்.

எல்விங்டன் தளம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே ஒரு ஹாலிஃபாக்ஸைக் கண்டோம். உண்மையில் அது பல துண்டுகளைத் தேடிச் சேர்த்து உருவாக்கப்பட்டது. அதன் உடற்பகுதியின் ஒரு துண்டு ஸ்காட்லாந்துத் தீவொன்றில் ஒரு குடியானவரிடம் கோழிக்கூடாகக் கிடந்ததாம்! வால்முனையில் துப்பாக்கி வீரர் அமரும் கண்ணாடிக் கூண்டைப் பார்த்தோம். நம் ஆலயத்துப் பாவசங்கீர்த்தனத் தொட்டியைவிடக் குறுகியது. மற்ற அறுவரின் முகத்தையும் பாராமல், உறையும் குளிரில் அதற்குள் மணிக்கணக்காக அமர்ந்திருக்க வேண்டும்.

அவர்கள் எப்படியெல்லாம் மடிந்தனர் என்று படிக்கப் படிக்கத் துயரம் பெருகியது. எதிரியின் பீரங்கியும் இரவுப் போர்விமானங்களும் மட்டுமே காரணம் அல்ல. பெட்ரோலும் குண்டுகளும் நிறைந்து 25 டன்னுக்கு மேல் கனக்கும் விமானம் மேலெழும்போது ஓர் எஞ்சின் ஓய்ந்தாலே பேராபத்து. நூற்றுக்கணக்கான விமானங்கள் விளக்கின்றி ஒரே வழியில், ஒரே இலக்கை நோக்கிச் சில நிமிட இடைவெளிக்குள் பறந்தன. இருளில் ஒன்றோடொன்று மோதின. மேலே பறந்தது விடுத்த குண்டு கீழே பறந்ததைப் பிளந்ததும் உண்டு. இறக்கைகளில் பனிக்கட்டி படியும். திரும்பி வந்தால் தளத்தை மூடுபனி மறைத்திருக்கும். பிரித்தானியக் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் போர்க்காலம் முழுவதிலும் மடிந்த 55,000-க்கும் மேற்பட்டோரில், 8,000-க்கும் அதிகமானோர் போர்ப் பறத்தலில் அன்றிப் பயிற்சியிலும் விபத்துகளிலும் இறந்தனர். எல்விங்டனின் பிரெஞ்சு அணிகளில் பறந்தோரில் ஏறக்குறைய இருவருக்கு ஒருவர் உயிரிழந்தனர் என்பர்.

இரண்டு இரவுகள் நம் மனத்தில் தங்கிவிட்டன. ஒன்று 1944 நவம்பர் 4, கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாட்களுக்குப் பின். ஜெர்மனியின் ரூர் பகுதியிலுள்ள போகும் என்னும் உருக்காலை நகரை 700-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாக்கின. திரும்பாதவை 28. 346 ஆம் அணி அன்று அனுப்பிய 16 விமானங்களில் 5 திரும்பவில்லை. ஓர் அணியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒரே இரவில் போயிற்று.

மற்றொன்று 1945 மார்ச் 3 நள்ளிரவைக் கடந்த வேளை. பணி முடித்து வீடு திரும்பும் விமானங்களைப் பின்தொடர்ந்து ஜெர்மானியப் போர்விமானங்கள் இங்கிலாந்துக்குள்ளேயே நுழைந்தன. தரையிறங்கும் பாதையின் விளக்குகளை அணைக்க வேண்டியதாயிற்று. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்க, இறங்க இடமின்றி விமானங்கள் இருளில் அலைந்தன. பிரெஞ்சு விமானங்களும் சில வீழ்ந்தன. அவற்றுள் ஒன்றின் தலைவர், தீப்பற்றிய விமானத்தைத் தாம் பிடித்து நிறுத்தி, மற்ற அனைவரையும் பாராசூட்டில் குதிக்கச் செய்து, தாம் மட்டும் அதனோடு விழுந்து மாண்டார். அதே இரவில், எல்விங்டனுக்கு அருகே தாழப் பறந்த ஜெர்மானிய விமானம் ஒன்று ஒரு பண்ணைவீட்டில் மோதியது. அதன் வீரர் நால்வரும், வீட்டிலிருந்தோர் சிலரும் இறந்தனர். அப்போரில் பிரித்தானிய மண்ணில் விழுந்த கடைசி ஜெர்மானிய விமானம் அதுவே எனப்படுகிறது.

நவம்பர் முதல் ஞாயிறன்று அந்தத் தலைவரைப் பற்றியே மறையுரை ஆற்றினோம். நண்பர்களுக்காக உயிரைக் கொடுத்தவர் என்றோம். போகுமிலிருந்து திரும்பாத ஐந்து விமானங்களையும் நினைவுகூர்ந்தோம். முன் வரிசையில் மூதாட்டி கைக்குட்டையை எடுத்தார். நல்ல மறையுரை என்ற நிறைவு நமக்குள் எழுந்ததை மறைப்பானேன்?

திருப்பலி முடிந்து அனைவரும் தேநீர் அருந்திக் கலைந்தபின் ஒருவர் நம்மிடம் வந்தார். அறுபது வயதிருக்கும். கோபமே இல்லாத குரல். "என் தாய் போகுமில் பிறந்தவர், ஃபாதர். அன்றிரவு அவருக்கு ஒன்பது வயது. நிலவறையில் இருந்தார். திரும்பாதவர்களைப் பற்றிச் சொன்னீர்கள். எதைச் செய்துவிட்டு அவர்கள் திரும்பவில்லை என்று சொல்லவில்லையே" என்றார்.

நம்மிடம் விடை இல்லை. அன்றிரவே அருங்காட்சியகத்தில் வாங்கிய நூலை மீண்டும் புரட்டினோம். விவரம் அதே பக்கத்தில்தான் இருந்தது. நாம்தான் அதைத் தாண்டிச் சென்றிருந்தோம். அன்று போகுமில் 4,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தோ பெரிதும் சிதைந்தோ போயின. இறந்தோர் ஜெர்மானியர் 980 பேர், வெளிநாட்டவர் 14 பேர். கட்டாய வேலைக்காகப் பிற நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டோர் நிறைந்திருந்த நகரம் அது. ரூர் பகுதியின் ஆலைகளுக்குப் பிரான்சிலிருந்தும் இளைஞர்கள் கொண்டுசெல்லப்பட்டிருந்தனர்.

குருமடத்தில் நீதியான போர் பற்றிப் படித்தோம். நன்மையை நாடிச் செய்யும் செயலில் நாடாத தீங்கும் விளையும்போது அதை எடைபோடும் முறையையும் படித்தோம். உருக்காலை இலக்கு, வீடுகள் இலக்கல்ல என்று தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். ஐந்து கிலோமீட்டர் உயரத்திலிருந்து, இரவில், அந்த வேறுபாடு எவ்வளவு மெல்லியது! நகரங்களை முழுமையாகக் கண்மூடித்தனமாய் அழிப்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கடுமையாகக் கண்டித்தது. அந்தப் போர் நடத்தப்பட வேண்டிய போரே என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் நிலவறையிலிருந்த ஒன்பது வயதுச் சிறுமியிடம் அதை எவ்வாறு சொல்வது?

கியேன் அணியில் ஜூல் ருவா என்னும் எழுத்தாளர் இருந்தார். அல்ஜீரியாவில் 1907-இல் பிறந்தவர். இளமையில் குருமடத்தில் பயின்றவர். குருவாகாமல் போர்வீரரானார். விமானத்தின் தலைவர் அவர். குண்டை விடுக்கும் பொறுப்பும் அவருடையதே. ரூர் பகுதிக்குப் பிரித்தானிய வீரர்கள் இட்ட 'மகிழ்ச்சிப் பள்ளத்தாக்கு' என்னும் கேலிப் பெயரையே 1946-இல் தம் நூலுக்குத் தலைப்பாக்கினார். இந்தோசீனப் போரை ஏற்க மனமின்றி 1953-இல் படையை விட்டு விலகினார். அல்ஜீரியப் போரையும் எதிர்த்து எழுதினார். நாம் அமர்ந்ததைப் போன்ற பலகைகளில் அமர்ந்து கற்ற ஒருவர், பின்னாளில் விமானத்தின் மூக்குப்பகுதியில் குப்புறப் படுத்து, பொத்தானின்மேல் விரலை வைத்திருந்தார் என்பதை நினைத்தபோது, மறையுரை மேடையிலிருந்து எளிதாகப் பேசிய நம் நாவின்மேல் நமக்கே வெட்கம் வந்தது.

அடுத்த ஞாயிறு, விட்டுப்போனதைச் சொன்னோம். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பின் மூதாட்டியிடம் சென்று, அவருடைய தாளிலேயே போகும் நகரத்து இறந்தோரையும் சேர்த்து எழுதலாமா என்று கேட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை.

"என் பிரெஞ்சுக்காரர்களோடு வேண்டாம், ஃபாதர். வேறு தாளில் எழுதுங்கள்" என்றார். பிறகு தம் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவரே நீட்டினார்.

எழுத்துக்கூட்டு நமக்குச் சரியாகத் தெரியவில்லை. கதவருகே நின்றிருந்த அந்த மனிதரை அழைத்தோம். அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, நாம் எழுதினோம். நவம்பர் முடியும்வரை இரண்டு தாள்களும் பீடத்தின் அடியில் ஒரே கூடையில் இருந்தன.